நானோ மருந்து எங்கே போகவில்லை என்று கேளுங்கள்

“புற்றுக்கட்டியை மட்டும் தேடிப் பிடித்து அழிக்கும் நானோ ஏவுகணை!” இப்படி ஒரு தலைப்பை நீங்கள் எங்காவது படித்திருப்பீர்கள். குடும்பப் புலனக் குழுவில் யாராவது பகிர்ந்திருப்பார்கள். அதன் கீழே “இனி கீமோ தேவையில்லை” என்று ஒருவர் எழுத, இன்னொருவர் கைகூப்பும் படத்தைப் போட்டிருப்பார்.

நானோ மருந்துகள் பொய்யல்ல. ஏறக்குறைய முப்பது ஆண்டுகளாகவே அவை மருத்துவமனைகளில் பயன்பாட்டில் உள்ளன. ஆனால், ‘ஏவுகணை’ என்ற சொல் நம் கவனத்தைத் தவறான பக்கம் திருப்புகிறது என்பது என் கருத்து. ஏவுகணை என்றதும் “இலக்கைத் தாக்கியதா?” என்றுதான் கேட்கத் தோன்றும். இந்த மருந்துகள் இதுவரை ஈட்டிய பெரிய வெற்றியோ வேறொரு கேள்விக்கான விடையில் இருக்கிறது: போகக்கூடாத இடங்களுக்கு மருந்து போகாமல் இருந்ததா? இந்தக் கேள்வியைக் கேட்கப் பழகிக்கொண்டால், நானோ மருந்து பற்றிய எந்தச் செய்தியையும் நீங்களே எடைபோடலாம்.

ஒரு மரத்துப் பூச்சிக்குத் தோட்டம் முழுவதும் மருந்து

கீமோதெரபி மருந்துகள் பலவும் வேகமாகப் பிளந்து பெருகும் உயிரணுக்களைக் கொல்பவை. புற்று உயிரணுக்கள் அப்படிப் பெருகுகின்றன. அதே வேளையில், முடியின் வேரிலும் குடலின் உட்சுவரிலும் இரத்த அணுக்களை உருவாக்கும் எலும்பு மஜ்ஜையிலும் உள்ள நல்ல உயிரணுக்களும் வேகமாகப் பெருகுபவைதாம். மருந்துக்கு இவற்றை வேறுபடுத்திப் பார்க்கத் தெரியாது. அதனால்தான் முடி கொட்டுகிறது, வாந்தி வருகிறது, நோய் எதிர்ப்பாற்றல் குறைகிறது.

டாக்சோரூபிசின் என்ற மருந்தை எடுத்துக்கொள்ளுங்கள். மண்ணில் வாழும் ஒருவகை ஸ்ட்ரெப்டோமைசிஸ் பாக்டீரியாவிலிருந்து கிடைத்த, செந்நிறமான மருந்து இது. மார்பகப் புற்றுநோய் உட்படப் பல புற்றுநோய்களுக்கு நன்றாக வேலை செய்யும். ஆனால், இதயத் தசையைச் சேதப்படுத்தும். அந்தச் சேதம் ஒவ்வோர் ஊசியோடும் சேர்ந்துகொண்டே போகும். ஆகவே, ஒருவருக்கு வாழ்நாளில் மொத்தம் எவ்வளவு கொடுக்கலாம் என்பதற்கு மருத்துவர்கள் ஓர் உச்ச வரம்பு வைத்திருக்கிறார்கள். மருந்து பலன் தந்துகொண்டிருக்கும்போதே, இதயத்தைக் காப்பாற்ற அதை நிறுத்த வேண்டிய நிலையும் வரலாம்.

ஊசி வழியாக ஏற்றப்பட்ட மருந்து சில நிமிடங்களில் இரத்தத்தை விட்டு உடலின் எல்லா உறுப்புகளுக்கும் பரவிவிடுகிறது. ஒரு மரத்தில் பூச்சி விழுந்ததற்காகத் தோட்டம் முழுவதும் மருந்தடிப்பதைப் போன்றது இது. மருந்தை ஒரு கூட்டுக்குள் அடைத்து அனுப்பினால் என்ன? இங்கேதான் பாலிமர் வருகிறது.

கறிச்சட்டியும் சோப்பும் கற்றுத்தரும் பாடம்

சிறிய மூலக்கூறுகள் மாலையில் மணிகளைப் போல ஒன்றோடொன்று கோக்கப்பட்டு உருவாகும் நீண்ட சங்கிலிதான் பாலிமர். நெகிழிப் பையும் நைலான் கயிறும் பாலிமர்கள். நம் தாத்தா பாட்டிமார் தோட்டங்களில் மரம் சீவி எடுத்த பாலிலிருந்து கிடைத்த ரப்பரும் இயற்கையான பாலிமர்தான்.

வேதியியலாளர்கள் இரண்டு வேறு குணமுள்ள சங்கிலிகளை ஒன்றாக இணைக்கிறார்கள். ஒரு பாதி நீரை விரும்பும். பாலிஎத்திலீன் கிளைக்கால், சுருக்கமாக ‘பெக்’, அதற்கு எடுத்துக்காட்டு. மறு பாதி நீரை வெறுக்கும். பாலிலாக்டிக் அமிலம் அப்படிப்பட்டது. இவற்றை நீரில் விட்டால் என்ன நடக்கும்? நீரை வெறுக்கும் பாதிகள் எல்லாம் உள்ளே ஒளிந்துகொள்ளும். நீரை விரும்பும் பாதிகள் வெளியே நிற்கும். யாரும் உருட்டிவிடாமலேயே நுண்ணிய உருண்டைகள் உருவாகிவிடும். இவற்றுக்கு மைசெல் என்று பெயர். எண்ணெய் படிந்த கறிச்சட்டியைச் சோப்பு போட்டுக் கழுவும்போது நடப்பதும் இதுதான். சோப்பு மூலக்கூறுகள் எண்ணெயை நடுவில் வைத்துச் சூழ்ந்துகொள்வதால்தான் அது நீரோடு போகிறது. சட்டியில் எண்ணெய் இருக்கும் இடத்தில், நானோ ஊர்தியில் மருந்து இருக்கிறது.

இந்த உருண்டைகள் எவ்வளவு சிறியவை? பெரும்பாலானவை 20 முதல் 150 நானோமீட்டர் வரை இருக்கும். உங்கள் தலைமுடியின் தடிமன் ஏறத்தாழ 80,000 நானோமீட்டர். ஒரு சிவப்பணுவின் அகலமே 7,000 நானோமீட்டர். இந்த அளவு தற்செயலாகத் தேர்ந்தெடுக்கப்பட்டதன்று. சுமார் 6 நானோமீட்டருக்கும் சிறியவற்றைச் சிறுநீரகம் விரைவாக வடிகட்டி வெளியேற்றிவிடும். மிகப் பெரியவற்றைக் கல்லீரலும் மண்ணீரலும் பிடித்துக்கொள்ளும். இரண்டுக்கும் நடுவில் இருந்தால்தான் இரத்தத்தில் நெடுநேரம் சுற்ற முடியும்.

வேலை முடிந்த பிறகு கூடு என்னவாகும்? பாலிலாக்டிக் அமிலம் உடைந்தால் லாக்டிக் அமிலம் கிடைக்கும். நீங்கள் திடலில் ஓடும்போது உங்கள் தசைகள் உண்டாக்கும் அதே பொருள்தான். உடலுக்கு அதைக் கையாளத் தெரியும். அறுவை சிகிச்சைக்குப் பின் பிரிக்கத் தேவையில்லாமல் தானே கரையும் தையல் நூல்களிலும் இந்த வகைப் பாலிமர்கள்தான் உள்ளன.

பாலிமர் சங்கிலியோடு மருந்தை இணைத்து உடலுக்குள் அனுப்பலாம் என்ற திட்டத்தை ஜெர்மானிய வேதியியலாளர் ஹெல்முட் ரிங்ஸ்டார்ஃப் 1975இலேயே முன்வைத்தார். இன்று நடைமுறையில் இருக்கும் ஒரு பாலிமர் மைசெல் மருந்து ஜெனெக்சால்-பிஎம். தென்கொரியா 2007இல் இதற்கு அனுமதி அளித்தது. இதற்குள் இருப்பது பாக்லிடாக்செல் என்ற பழைய மருந்து. அது நீரில் கரையாது. அதனால், ஆமணக்கெண்ணெயிலிருந்து செய்யப்படும் கிரெமோஃபோர் என்ற கரைப்பானில் கலந்துதான் கொடுத்து வந்தார்கள். அந்தக் கரைப்பானே சிலருக்குக் கடுமையான ஒவ்வாமையை உண்டாக்கியது; அதைத் தடுக்க முன்கூட்டியே வேறு மருந்துகள் கொடுக்க வேண்டியிருந்தது. மைசெல் வந்ததும் அந்தக் கரைப்பானுக்கு வேலையில்லாமல் போனது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். ஜெனெக்சாலில் கட்டியைத் தேடிக் கண்டுபிடிக்கும் கருவி எதுவும் பொருத்தப்படவில்லை. தொல்லை தந்த ஒரு பொருளை நீக்க முடிந்ததே அதன் சிறப்பு. ‘ஏவுகணை’ என்ற தலைப்பில் இந்தச் சிறப்புக்கு இடமே இல்லை.

ஆயிரத்தில் ஏழு

அப்படியானால் ஏவுகணை என்ற பேச்சு எங்கிருந்து வந்தது? 1986இல் ஜப்பானின் குமாமோத்தோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யாசுஹிரோ மட்சுமுரா, ஹிரோஷி மாயேடா இருவரும் ஒரு முக்கியமான கண்டுபிடிப்பை வெளியிட்டார்கள். புற்றுக்கட்டி தனக்கு வேண்டிய இரத்தக் குழாய்களை அவசர அவசரமாகக் கட்டிக்கொள்கிறது. அவசரத்தில் கட்டிய சுவர் என்பதால் அதில் இடைவெளிகள் இருக்கும். பெரிய மூலக்கூறுகள் அவற்றின் வழியாகக் கட்டிக்குள் கசியும். கழிவை வெளியேற்றும் நிணநீர் வடிகாலும் கட்டியில் சரியாக அமையாததால், உள்ளே போனவை அங்கேயே தங்கிவிடும். நல்ல திசுக்களின் இரத்தக் குழாய்களில் இப்படிக் கசிவதில்லை. எனவே, சரியான அளவில் ஊர்தியைச் செய்தால் அது தானாகவே கட்டியில் போய்ச் சேரும் என்ற நம்பிக்கை பிறந்தது. மாயேடா உருவாக்கிய ‘ஸ்மாங்க்ஸ்’ என்ற பாலிமர் மருந்துக்கு ஜப்பான் 1993இல் கல்லீரல் புற்றுநோய்க்காக அனுமதி அளித்தது.

எலிகளில் இந்த வழி மிக நன்றாக வேலை செய்தது. ஆனால், எலியின் கட்டியும் மனிதரின் கட்டியும் ஒன்றல்ல. ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆய்வுக்கூடத்துச் சுண்டெலியின் எடை ஏறத்தாழ 20 கிராம். அதன் உடலில் ஒரு கன சென்டிமீட்டர் கட்டி இருந்தால், அதன் எடை சுமார் 1 கிராம். அதாவது, உடல் எடையில் 5 விழுக்காடு. 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு அதே விகிதத்தில் கட்டி இருந்தால் அது 3 கிலோ இருக்க வேண்டும்! எலியின் கட்டி சில வாரங்களில் வளர்ந்துவிடும். மனிதருக்கோ பெரும்பாலும் பல ஆண்டுகள் ஆகும். அவசரத்தில் வளரும் கட்டியில் ஓட்டைகள் கூடுதலாக இருப்பதில் வியப்பில்லை.

2016இல் கனடாவின் டொராண்டோ பல்கலைக்கழகத்தில் வாரன் சான் தலைமையிலான குழு, அதற்கு முந்தைய பத்தாண்டுகளில் வந்த ஆய்வுகளைத் திரட்டிக் கணக்கிட்டது. செலுத்தப்பட்ட நானோ துகள்களில் கட்டியைச் சென்றடைந்தவை எத்தனை விழுக்காடு? எல்லா முடிவுகளையும் சிறியதிலிருந்து பெரியதாக வரிசைப்படுத்தி நடுவில் நிற்கும் எண்ணைப் பார்த்தால், அது 0.7. ஆயிரம் துகள்கள் கிளம்பினால் ஏழுதான் கட்டிக்குப் போகின்றன. மற்றவற்றில் பெரும்பகுதியைக் கல்லீரலும் மண்ணீரலும் பிடித்துக்கொள்கின்றன. இதுவும் எலிகளில் கிடைத்த கணக்குதான்.

2020இல் அதே பல்கலைக்கழகத்தின் ஆய்வு ஒன்று இன்னொரு நம்பிக்கையையும் அசைத்தது. எலிக் கட்டிகளை நுண்ணோக்கியில் ஆராய்ந்தபோது, இரத்தக் குழாய்ச் சுவரில் இடைவெளிகள் மிகக் குறைவாகவே இருந்தன. உள்ளே நுழைந்த துகள்களில் 97 விழுக்காடு வரை, சுவரில் உள்ள உயிரணுக்களே விழுங்கி மறுபக்கம் அனுப்பியவை என்று அந்த ஆய்வு கூறியது. அதாவது, வேலியில் ஓட்டை இருக்கிறது என்று நினைத்தோம். பெரும்பாலும் காவலாளியே கதவைத் திறந்துவிட்டிருக்கிறார்.

0.7 என்ற எண்ணைக் கணக்கிட்ட முறை சரிதானா என்பதில் ஆய்வாளர்களிடையே விவாதம் உண்டு. கூடு இல்லாத சாதாரண மருந்திலும் மிகச் சிறிய பங்குதான் கட்டியை அடைகிறது என்பதையும் மறக்கக்கூடாது. ஆனாலும், ஆயிரத்தில் ஏழு மட்டுமே இலக்கை அடையும் ஒன்றை ‘ஏவுகணை’ என்று அழைக்கலாமா?

509 பெண்கள் தந்த விடை

இப்போது மனிதர்களுக்கு வருவோம். டாக்சோரூபிசினைக் கொழுப்பாலான ஒரு நுண்குமிழிக்குள் அடைத்து, அதன் வெளிப்புறத்தில் பெக் என்ற பாலிமர் சங்கிலிகளைப் புல்வெளி போல நட்டுச் செய்த மருந்து டாக்சில். அமெரிக்கா 1995இல் இதற்கு அனுமதி அளித்தது. ஒவ்வொரு குமிழிக்குள்ளும் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட மருந்து மூலக்கூறுகள் இருக்கும். குமிழி கொழுப்பால் ஆனது என்றாலும், அதை இரத்தத்தில் நாள்கணக்கில் சுற்ற வைப்பது வெளியே இருக்கும் பாலிமர் போர்வைதான். அந்தப் போர்வை இல்லாவிட்டால், உடலின் துப்புரவு உயிரணுக்கள் அதை விரைவில் விழுங்கிவிடும்.

2004இல் வெளியான ஓர் ஆய்வில், மார்பகப் புற்றுநோய் மற்ற உறுப்புகளுக்கும் பரவியிருந்த 509 பெண்கள் பங்கேற்றார்கள். ஏறக்குறைய பாதிப் பேருக்குச் சாதாரண டாக்சோரூபிசின். மற்றவர்களுக்குப் பெக் போர்வையுள்ள குமிழி மருந்து. முடிவு என்ன?

உயிர் வாழ்ந்த காலத்தில் பெரிய வேறுபாடு இல்லை. நானோ மருந்து பெற்றவர்களுக்கு நடு எண் 21 மாதம். சாதாரண மருந்து பெற்றவர்களுக்கு 22 மாதம். ‘ஏவுகணை’ என்ற அளவுகோலால் பார்த்தால் இது ஏமாற்றம்.

அடுத்த வரிசை எண்களைப் பாருங்கள். இதயப் பாதிப்பு ஏற்பட்டவர்கள்: சாதாரண மருந்தில் 48 பேர், நானோ மருந்தில் 10 பேர். முடி கொட்டியவர்கள்: 66 விழுக்காடு, 20 விழுக்காடு. குமட்டல் வந்தவர்கள்: 53 விழுக்காடு, 37 விழுக்காடு. கட்டியின் மீது அதே பலன். இதயத்துக்குப் பல மடங்கு பாதுகாப்பு. நோயோடு போராடும் ஒரு தாய்க்கு, மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்காமல் இருப்பது சின்ன விஷயமா?

மூன்றாவது வரிசை ஒன்றும் இருக்கிறது. உள்ளங்கையும் உள்ளங்காலும் சிவந்து, வலித்து, தோல் உரியும் பக்கவிளைவு சாதாரண மருந்தில் 2 விழுக்காட்டினருக்குத்தான் வந்தது. நானோ மருந்திலோ 48 விழுக்காட்டினருக்கு வந்தது. இரத்தத்தில் நெடுநேரம் சுற்றும் துகள்கள் தோலிலும் சேர்வதே இதற்குக் காரணம் எனக் கருதப்படுகிறது. இதயத்தில் இறங்காத சுமை வேறோர் இடத்தில் இறங்கியிருக்கிறது.

இந்த மூன்று வரிசைகளையும் சேர்த்துப் பார்ப்பதுதான் அறிவியல். முதல் வரிசையை மட்டும் பார்ப்பவர் நானோ மருந்து வீண் என்பார். இரண்டாவதை மட்டும் பார்ப்பவர் அற்புதம் என்பார். மருத்துவரோ மூன்றையும் பார்த்து, எந்த நோயாளிக்கு எது பொருந்தும் என்று முடிவு செய்கிறார்.

“தேடும் கருவியைப் பொருத்தினால்?”

உங்களில் சிலர் இந்நேரம் இப்படிக் கேட்கலாம்: “ஊர்தியின் மேல், புற்று உயிரணுவை அடையாளம் காணும் மூலக்கூறு ஒன்றை ஒட்டினால் சரியாகிவிடாதா?” நியாயமான கேள்விதான். பல ஆய்வுக்கூடங்கள் அந்த முயற்சியில் இருக்கின்றன. அமெரிக்காவின் பைண்ட் தெரபியூட்டிக்ஸ் என்ற நிறுவனம் அப்படி ஒரு பாலிமர் துகளை உருவாக்கி மனிதர்களிடம் சோதித்தது. எதிர்பார்ப்பு பெரிதாக இருந்தது. 2016இல் நிறுவனம் திவாலாகிவிட்டது. முகவரியைப் படிக்கத் தெரிந்த ஊர்தியும் முதலில் அந்தத் தெருவுக்குள் நுழைய வேண்டுமே! ஒட்டிய மூலக்கூறு, கட்டிக்கு அருகில் போன பிறகுதான் உதவும். வழியில் கல்லீரல் பிடித்துக்கொண்டால் அதனால் பயனில்லை.

நம் அண்டை நாட்டிலிருந்தும் ஒரு நல்ல எடுத்துக்காட்டு உண்டு. சிங்கப்பூரின் உயிர்ப்பொறியியல், நானோ தொழில்நுட்பக் கழகத்தின் ஆய்வாளர்கள், பச்சைத் தேநீரில் உள்ள ஒரு பொருளைப் பெக் பாலிமரோடு இணைத்து, ஹெர்செப்டின் என்ற புரத மருந்தைச் சுமக்கும் ஊர்தியை உருவாக்கி 2014இல் வெளியிட்டார்கள். சுமக்கும் கூடும் புற்றை எதிர்க்கக்கூடியது என்பது அதன் புதுமை. அருமையான சிந்தனை. ஆனால், அந்த ஆய்வு காட்டியது எலிகளில் கிடைத்த பலன். அதைப் படித்துவிட்டுப் பச்சைத் தேநீர் குடித்தால் புற்றுநோய் குணமாகும் என்று யாராவது சொன்னால், அவர் ஆய்வைத் தாண்டி வெகுதூரம் போய்விட்டார் என்று பொருள்.

மூன்று கேள்விகள்

அடுத்த முறை இப்படி ஒரு செய்தி உங்கள் கைக்கு வந்தால், பகிர்வதற்கு முன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்.

ஒன்று: சோதனை எதில் நடந்தது? கிண்ணத்தில் வளர்த்த உயிரணுக்களிலா, எலியிலா, மனிதரிலா? ஒவ்வொரு படிக்கும் இடையே பல ஆண்டுகள் இருக்கின்றன. பெரும்பாலான மருந்துகள் அந்தப் படிகளில் எங்காவது நின்றுவிடுகின்றன.

இரண்டு: எதனோடு ஒப்பிட்டார்கள்? மருந்தே கொடுக்காத எலிகளோடு ஒப்பிட்டால் எந்த மருந்தும் வெற்றி பெற்றதாகத் தெரியும். கூட்டுக்குள் அடைக்காத அதே மருந்தோடு ஒப்பிட்டால்தான் கூட்டின் பயன் தெரியும்.

மூன்று: கட்டிக்குப் போகாத மருந்து எங்கே போனது? இதயம், கல்லீரல், தோல், எலும்பு மஜ்ஜை ஆகியவற்றைப் பற்றிச் செய்தியில் ஒரு வரியும் இல்லையென்றால், அந்தச் செய்தி பாதிக் கதையைத்தான் சொல்கிறது.

இவ்வளவு கவனம் எதற்கு என்று நினைக்கிறீர்களா? மலேசியத் தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டின் 2012-2016 அறிக்கையைப் பாருங்கள். கட்டம் பதிவு செய்யப்பட்ட நோயாளிகளில் 60 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோருக்கு, மூன்றாம் அல்லது நான்காம் கட்டத்தில்தான் நோய் கண்டுபிடிக்கப்பட்டது. நம் நாட்டில் பலர் ஏற்கெனவே தாமதமாகத்தான் மருத்துவமனைக்குப் போகிறார்கள். “சீக்கிரம் நானோ மருந்து வந்துவிடும், கீமோவை ஏன் இப்போதே எடுக்க வேண்டும்?” என்ற பேச்சு அந்தத் தாமதத்தை இன்னும் நீட்டிவிடும். கட்டி அதுவரை காத்திருக்காது. நானோ மருந்து உங்கள் உறவினருக்கு ஏற்றது என்றால், அதைச் சொல்ல வேண்டியவர் அவரைப் பார்க்கும் மருத்துவர்.

‘நானோ’ என்ற சொல்லைப் பெட்டியின் மேல் அச்சிட்டுச் சத்துமாவும் மஞ்சள் சாறும் விற்பவர்களும் இருக்கிறார்கள். இந்த மருந்து புற்றுநோயைக் குணப்படுத்தும் என்று பொதுமக்களிடம் விளம்பரம் செய்வதை, 1956ஆம் ஆண்டின் மருந்து விளம்பர, விற்பனைச் சட்டம் மலேசியாவில் தடை செய்திருக்கிறது. அப்படி ஒரு விளம்பரத்தைக் கண்டால், உள்ளே இருக்கும் பொருளைப் பற்றி யோசிப்பதற்கு முன்பே சட்டம் மீறப்பட்டிருக்கிறது என்று வீட்டில் எடுத்துச் சொல்லுங்கள். வேதியியல் படிக்கும் பிள்ளை சொன்னால் வீட்டார் கேட்பார்கள்.

நானோ ஊர்திகளின் வேலை இன்னும் முடியவில்லை. கல்லீரலை எப்படித் தாண்டுவது, மனிதக் கட்டியின் சுவரை எப்படித் திறப்பது, பெக் போர்வைக்கு எதிராகச் சிலரின் உடல் எதிர்ப்பொருளை உருவாக்குவதை எப்படிச் சமாளிப்பது, யாருடைய கட்டி இந்த மருந்தை ஏற்கும் என்று முன்கூட்டியே எப்படி அறிவது ஆகிய நான்கும் விடை காணப்படாத கேள்விகள். இவற்றில் வேதியியல் உண்டு, உயிரியல் உண்டு, கணிதமும் உண்டு. இன்று படிவம் ஐந்தில் கார்பன் சேர்மங்களைப் பார்த்துச் சலித்துக்கொள்ளும் உங்களில் ஒருவர், பத்து ஆண்டுகள் கழித்து அந்த ஆயிரத்தில் ஏழை எழுபதாக்கக் கூடும். அப்போதும் உங்கள் ஆய்வுக் கட்டுரையில் மீதி 930 எங்கே போயின என்பதை மறக்காமல் எழுதுங்கள்.